பாறை மேல் ஐந்தடி மண்

மேலச்சிந்தலையில் இஞ்ஞாசியம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அஞ்சடியம்மா" என்றுதான் சொல்வார்கள். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அவளுடைய உயரத்தைத்தான் சொல்கிறார்களாக்கும் என்று நினைப்பார்கள். அவள் நாலே முக்கால் அடிதான். அந்தப் பெயர் வந்த கதையை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எவனெவனோ தன் இஷ்டத்துக்கு அளந்துவிட்டுக்கொண்டிருக்கிறான். ஒருத்தன், அவள் பேரூராட்சி நிர்வாக அதிகாரியை, அதாவது ஈ.ஓ.வை, ஐந்தடிக் குழிக்குள் பிடித்துத் தள்ளிவிட்டாள் என்கிறான். தள்ளவெல்லாம் இல்லை. அவராகத்தான் இறங்கினார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றவள் நான். எனக்குத் தெரியாதா?

என் பெயர் கல்யாணசுந்தரி. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் ஏறிப் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். அங்கே பேரூராட்சி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். ஊருக்கு நல்லது செய்கிற தீர்மானத்தையும் நான்தான் அடிப்பேன், கெட்டது செய்கிற தீர்மானத்தையும் நான்தான் அடிப்பேன். இரண்டுக்கும் மூன்று காப்பி. அதனால் இந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இஞ்ஞாசியக்காவுக்குப் பிறந்த ஊர் நாகலாபுரம் பக்கம், மானாவாரிக் காடு. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க உட்கார்ந்தவள், நாற்பத்தைந்து வயது வரைக்கும் எழுந்திருக்கவில்லை. மரச் சட்டத்தில் குச்சி அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கை தன் பாட்டுக்கு அடுக்கும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். கணக்குப்பிள்ளை தொடங்கிக் கலெக்டர் வரைக்கும் அவள் வாயில் விழாத ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால் முன்வரிசையிலிருந்து ஒரு இருமல் வரும். அது வந்து ஐந்து நிமிஷத்தில் பிரசங்கம் முடிந்துவிடும். புருஷன் கிறிஸ்துராஜ் அண்ணன் மாட்டு வண்டிக்காரர். வீட்டுக்கு ஆகவேண்டிய பேச்சையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு வாயைத் திறக்க வேலையே இருக்காது. சிரிப்பார், அவ்வளவுதான்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு மாறியிருந்தார்கள். ஒன்பதுக்கும் ஒரே காரணம், சுவர். கரிசலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பெய்தால் அது ஊதும். வெயில் அடித்தால் முழங்கை வரைக்கும் உள்ளே விடலாம், அப்படி வெடிக்கும். மேலே நிற்கிற வீடும் கூடவே எழும்பிக் கூடவே இறங்கும். ஒன்பதாவது வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பு வழியாக அடுத்த வீட்டுக் கோழி தினமும் வந்து அக்காவின் அடுப்படியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். முட்டை யாருக்கு என்று சண்டை வந்தது. "எங்க வீட்டுல வந்து பெத்தா அது எங்க வீட்டுப் புள்ள" என்று சொல்லி அவித்துத் தின்றுவிட்டாள்.

ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வராது. எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் கீழத்தெருவில் பதினோரு வீட்டுச் சுவர் விழுந்தது. அதில் ஒன்று அவள் தலைமாட்டில் விழுந்தது. ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்ததால் பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான். "சேசுவே, எனக்கு மச்சு வேண்டாம், மாளிகை வேண்டாம். படுத்தா எந்திரிக்கோம்னு நம்பிப் படுக்க ஒரு வீடு தாரும்."

அடுத்த வருஷம் தேர்தல் நடந்து புது மன்றம் வந்தது. தலைவர் பெருமாள்சாமி, தீப்பெட்டி ஃபாக்டரி முதலாளி. வந்த வேகத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பேரூராட்சி எல்லைக்குள் இனிக் கட்டப்படும் எந்த வீட்டுக்கும் அஸ்திவாரம் தரைமட்டத்துக்குக் கீழே ஐந்தடி ஆழம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டட அனுமதி கிடையாது. நல்ல தீர்மானம்தான். கரிசலில் ஐந்தடி தோண்டி மணலையும் சரளையும் போட்டு நிரப்பினால்தான் வீடு நிற்கும். சிக்கல் என்னவென்றால், நாங்கள் எல்லாரும் கரிசலில் பிறந்து கரிசலில் புரண்டவர்கள். தரை என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்பது எங்கள் நினைப்பு. ஊருக்குக் கிழக்கே ஆனைப்பொத்தை என்று முழுசாக ஒரு பாறைக் குன்று நிற்கிறது. மன்றக் கூடத்தின் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். பன்னிரண்டு கவுன்சிலரில் ஒருத்தருக்காவது அது நினைவு வர வேண்டுமே! வரவில்லை. டைப் அடித்த எனக்கும் வரவில்லை.

எண்பத்தேழு மே மாதம் தாசில்தார், வீடில்லாத தீப்பெட்டித் தொழிலாளிகள் இருபத்து நாலு பேருக்கு இலவச மனைப் பட்டா கொடுத்தார். இடம் ஆனைப்பொத்தையின் கீழ்ச்சரிவு. ஒரு வருஷத்துக்குள் வீடு கட்டிக் குடியேற வேண்டும், இல்லையென்றால் பட்டா ரத்து. மற்றவர்கள் எல்லாம் "இந்தப் பாறையில ஆடு மேயும், மனுசன் இருப்பானா?" என்று முனகினார்கள். இஞ்ஞாசியக்கா மட்டும் பட்டாவை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு ஏறினாள். தன் மனையில் குப்புறப் படுத்துப் பாறையில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தாள்.

"தாயி, இது ஊதாது, வெடிக்காது. நோவா காலத்து வெள்ளத்துக்கே அசையாத கல்லு. ஐப்பசிக்கு அசையுமா?"

அடுத்த வாரமே விண்ணப்பம் கொடுத்தாள். கொத்தனார் மாயகிருஷ்ணன் வரைந்து கொடுத்த படத்தில் அஸ்திவாரம் ஒன்றரை அடி என்று இருந்தது. பாறைக்கு அதுவே அதிகம். ஈ.ஓ. அழகிரிசாமி அதைத் திருப்பினார். 'ஐந்தடி தேவை. திருப்பப்படுகிறது.' நான்தான் அடித்தேன். இரண்டாம் தடவை கொடுத்தாள். திரும்பியது. மூன்றாம் தடவை, "ஐயா, கீழே பாறை" என்று பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதுவும் திரும்பியது.

அழகிரிசாமி கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனிதர். ஆனால் ஆடிட் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். முந்தைய ஊரில் ஒரு தெருவிளக்கு விஷயத்தில் ஆடிட்காரர்கள் கேள்வி கேட்டு, பதில் எழுதியே அவருக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது. தீர்மானத்தில் எழுதியிருப்பதை விட்டு அரை அங்குலம் நகர மாட்டார்.

அக்கா விடுவாளா? அவரைக் கையோடு பொத்தைக்குக் கூட்டிப் போனாள். நானும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். கடப்பாரையை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே தோண்டுங்க சார். அஞ்சடி வேண்டாம், அஞ்சு விரக்கடை தோண்டிட்டியன்னா நான் பட்டாவ கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

அவர் பாவம், ஒரு குத்துக் குத்தினார். டங் என்று சத்தம் கேட்டது. நெருப்புப் பொறி பறந்தது. கை இரண்டையும் உதறிக்கொண்டார்.

"பாத்தியளா? இங்கன தீப்பெட்டியே வேண்டாம், அடுப்புப் பத்த வைக்க" என்றாள்.

"இந்தாம்மா, பாறைன்னு எனக்குத் தெரியுது. தீர்மானத்துல பாறைன்னு இல்லையே? எந்த வீட்டுக்கும்னு இருக்கு. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஆடிட்ல எவன் பதில் சொல்லுவான்? வேணும்னா வெடி வச்சுத் தோண்டிக்கோ."

"வெடி வைக்கலாமா?"

"அதுக்குத் தனி அனுமதி வேணும்."

"அத யாரு குடுப்பா?"

"கலெக்டர். நம்ம மன்றம் சிபாரிசு பண்ணணும்."

அந்தச் சிபாரிசு வரவே வராது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் தலைவர் சொல்லி நான் ஒரு கடிதம் அடித்திருந்தேன், தாசில்தாருக்கு. ஆனைப்பொத்தைச் சரிவு மனிதர் குடியிருக்க லாயக்கற்ற இடம், பட்டா காலாவதியானதும் அதைத் தன் ஃபாக்டரிக்கு குடோன் கட்டக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று. பொத்தை மேல் ஈரம் தங்காது, காற்று நன்றாக அடிக்கும். தீப்பெட்டிப் பண்டல் நமத்துப் போகாது. மனிதருக்கு லாயக்கற்ற இடம், தீப்பெட்டிக்கு மட்டும் லாயக்கு! அடிக்கும்போதே எனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் மூன்று காப்பி எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தை உளறியும் விட்டேன். அலுவலக ரகசியத்தை வெளியே சொல்வது தப்புத்தான். தெரியும்.

மழைக்காலம் வந்து போனது. அந்தத் தடவை சுவர் விழவில்லை, ஆனால் அவள் இரண்டு மாதம் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஒரு சுவர் அசைகிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவாளாம். மாசி பிறந்தது. பட்டாவுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான். இருபத்து மூன்று பேர் நம்பிக்கையை விட்டுவிட்டார்கள்.

மாசியில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிவிடும். வற்றினால் அடியில் படிந்திருக்கும் கரம்பை மண்ணை வெட்டி வண்டி வண்டியாகக் காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, அடிப்பார்கள். உரம் அதுதான். கிறிஸ்துராஜ் அண்ணனுக்கு அந்த இரண்டு மாதமும் ஓயாத வேலை. அந்த வருஷம் கண்மாய் தூர்ந்து மேடாகிக் கிடந்ததால், யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கரம்பை அள்ளிக்கொள்ளலாம் என்று பேரூராட்சியே நோட்டீஸ் போட்டது. அதையும் நான்தான் அடித்தேன். அலுவலகக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"இதுல என்னத்த எழுதியிருக்கு, வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"எங்க கொண்டுபோய்க் கொட்டணும்னு எழுதியிருக்கா?"

"இல்லையே."

"காட்டுலதான் கொட்டணும்னு இல்லைலா?"

"இல்லக்கா. எதுக்குக் கேக்கிய?"

"அந்த அஞ்சடித் தீர்மானத்துல, தரையில இருக்க மண்ண சாமி போட்டதா ஆசாமி போட்டதான்னு கேள்வி இருக்கா?"

நான் பசையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"யக்கா, ஒங்களுக்குக் கோட்டிதான் புடிச்சிருக்கு!"

"புடிச்சிருக்கு தாயி, நல்லாப் புடிச்சிருக்கு. தோண்ட மண்ணு வேணும்னு சொல்லுதாவ. கொண்டுபோய்ப் போடுவோம். போட்டுட்டுத் தோண்டுவோம்."

மறுநாள் காலையிலிருந்து கிறிஸ்துராஜ் அண்ணனின் வண்டி கண்மாய்க்கும் பொத்தைக்கும் ஓடத் தொடங்கியது. சரிவில் முழுப் பாரம் ஏறாது. அரை வண்டி அரை வண்டியாக ஏற்றினார். மாட்டுக்குக் கழுத்துப் புண்ணாகி, மஞ்சளும் எண்ணெயும் தடவி, ஒருநாள் நிறுத்தி, மறுநாள் பூட்டினார். வண்டி ஏற முடியாத கடைசி முப்பது கெஜம் தலைச்சுமை. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடை சுமந்தாள். அவளோடு குச்சி அடுக்குகிற சீனித்தாயும் வந்தாள். அவளுக்கு அடுத்த மனை.

ஊரே வேடிக்கை பார்த்தது. காட்டுக்குப் போக வேண்டிய மண்ணை மலைக்கு ஏற்றுகிற கிறுக்கச்சி என்றார்கள். டீக்கடையில் ஒருவர், "அங்கன பருத்தி போடப் போறாளாம்" என்றார். இன்னொருவர், "இல்லவே, பொத்தைக்கு உரம் வைக்கா, வளரட்டும்னு" என்றார். அது அக்காவின் காதுக்கு எட்டியது. கூடையோடு டீக்கடை வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, ஒரு கூடை மிச்சம் இருக்கு, ஒங்க தலையில கொட்டுதேன். அங்கனதான் ஒண்ணும் மொளைக்காமக் கெடக்கு" என்றாள். அவர் வழுக்கைத் தலையர். அதோடு டீக்கடைப் பேச்சு நின்றது.

நூற்று நாற்பது நடை. பங்குனி முதல் வாரத்தில் அவளுடைய மனை முழுக்க ஐந்தடி உயரத்துக்குக் கரம்பை மண் நின்றது. ஓரத்தில் கல் அடுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்து, மேலே மட்டம் பார்த்து வைத்திருந்தாள். பிறகு நாலாம் தடவையாக விண்ணப்பம் கொடுத்தாள். 'மண்ணின் தன்மை' என்ற இடத்தில் 'கரிசல்' என்று எழுதியிருந்தது. 'அஸ்திவார ஆழம்' ஐந்தடி.

அழகிரிசாமி விண்ணப்பத்தை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாம் தடவையும் படித்தார். பிறகு, "வாங்கம்மா கல்யாணசுந்தரி, டேப்பை எடுங்க" என்றார்.

மேட்டில் ஒரு பக்கமாகச் சோதனைக் குழி வெட்டி வைத்திருந்தாள் அக்கா. ஈ.ஓ. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். தோள் வரைக்கும் மறைந்தார். அடியில் பாறை தெரிந்தது. அதில் டேப்பின் நுனியை வைத்து அழுத்தினார். நான் மேலே பிடித்தேன்.

"எவ்வளவு?"

"அஞ்சடி ஒரு அங்குலம் சார்."

குழிக்குள்ளிருந்தே அவர் அக்காவை அண்ணாந்து பார்த்தார். "ஒரு அங்குலம் எதுக்கும்மா?"

"அது ஆடிட்காரருக்கு சார்."

மனிதருக்கு உதடு துடித்தது. சிரித்துவிட்டால் அதற்கும் பதில் எழுத வேண்டியிருக்குமோ என்று பயந்தாரோ என்னவோ, அடக்கிக்கொண்டார். 'விதிப்படி ஆழம் உள்ளது' என்று குறிப்பு எழுதி மன்றத்துக்கு அனுப்பினார். முதல்முறையாக எனக்கு அந்த மனிதரைப் பிடித்தது.

மன்றக் கூட்டம் பங்குனி நடுவில். கூடத்தின் பின்பக்க பெஞ்சில் அக்காவும் சீனித்தாயும் மற்ற மனைக்காரர்கள் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துராஜ் அண்ணன் வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்று அனுமதி கிடைக்காவிட்டால் அடுத்த கூட்டம் ஏப்ரல் கடைசியில். அதற்குப் பிறகு சுவர் எழுப்பவே நாள் இருக்காது. பட்டா போய்விடும். அக்காவின் கையில் ஜெபமாலை இருந்தது. வாய் மூடியிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தலைவர் பெருமாள்சாமி ஃபைலைத் தள்ளிவைத்தார்.

"இது என்னவே கூத்து? கொட்டுன மண்ணு எப்படித் தரையாகும்? இயற்கையா இருந்தாத்தான் தரை. இது வெறும் குப்பை மேடு. தள்ளுபடின்னு எழுதுங்க."

கவுன்சிலர்கள் மேலே விசிறியைப் பார்த்தார்கள். நான் நோட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு இருமல் கேட்டது. சர்ச்சில் கேட்கிற அதே இருமல்.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"பொதுசனம் பேசக் கூடாது."

"பேசலை அண்ணாச்சி, கேக்குதேன். ஒங்க ஃபாக்டரி நிக்கிற எடம் மின்னால என்னவா இருந்துச்சு?"

ஊரில் எல்லாருக்கும் தெரியும். ரோடு போடச் சரள் அள்ளி அள்ளிப் பன்னிரண்டடிக்குக் கிடங்காகக் கிடந்த இடம் அது. பெருமாள்சாமியின் அப்பா அதை வாங்கி மண் போட்டு நிரப்பித்தான் ஃபாக்டரி கட்டினார்.

"நாந்தான் அண்ணாச்சி அங்க மண்ணு சொமந்தேன். அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு, கல்யாணமாகி வந்த புதுசு. மூணு மாசம் சொமந்தோம். கொட்டுன மண்ணு தரை இல்லன்னா ஒங்க ஃபாக்டரி இப்ப அந்தரத்துலலா நிக்கி? சார் டேப்பு வச்சிருக்காவ. ஒரு எட்டுப் போய் அளந்துட்டு வரட்டும். ஒங்களுதுக்கு எது தீர்ப்போ அதே தீர்ப்ப எனக்கும் சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடுதேன்."

ஒரு கவுன்சிலர் 'களுக்' என்று சிரித்துவிட்டார். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. ஈ.ஓ. மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தலைவரே, ஃபாக்டரி ஃபைலையும் எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியாத மாதிரிதான் கேட்டார். அந்த மாதிரி அவரை நான் பார்த்ததே இல்லை.

பெருமாள்சாமி தள்ளிவைத்த ஃபைலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மீசையைத் தடவிவிட்டு, "ஏழைப்பட்ட சனம். போகுது, பாஸ் பண்ணுங்க" என்றார். ஒருமனதாக நிறைவேறியது. அக்கா எழுந்து எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டாள். வெளியே போனதும் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷன் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் மாட்டைத்தான் கட்டிக்கொண்டாள்.

மாயகிருஷ்ணன் கொத்தனார் முப்பத்து மூன்று நாளில் வீட்டை எழுப்பினார். கொட்டிய மண்ணில் வாய்க்கால் தோண்டி, பாறையில் கால் ஊன்றி, ஐந்தடிக்குக் கல் கட்டி, அதற்கு மேல் சுவர். கரம்பை மண்ணை வீட்டுக்கு அடியில் விட்டால் மழைக்கு ஊதித் தரையை வெடிக்க வைக்கும். அதனால் உள்ளே இருந்ததையும் வெளியே இருந்ததையும் ஒட்டுமொத்தமாக அள்ளி எடுத்துவிட்டு உள்ளே சரள் போட்டு நிரப்பினார்கள். மண் போனதும் வீடு ஐந்தடிக் கல்மேடையின் மேல் காட்டுப் பரண் மாதிரி நின்றது. ஏறிப் போக ஏழு படி. ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி அடுப்பு மூட்டினாள். முப்பதாம் தேதி தாசில்தார் வந்து பார்த்தார். அவளுக்குப் பட்டா நிரந்தரமானது. ஒரு வீடு எழும்ப முடிந்த இடம் லாயக்கற்ற இடம் இல்லை என்று சொல்லி, மற்ற இருபத்து மூன்று பேருக்கும் இன்னொரு வருஷம் கொடுத்தார். தலைவரின் குடோன் கடிதத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தது. அதை ஃபைலில் கோக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அள்ளிய மண் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? அடுத்த மனைக்கு. சீனித்தாயின் பாறை மேல் ஏறி உட்கார்ந்தது. இப்போது சுமக்க ஆள் நிறைய. ஒரு வாரத்தில் ஐந்தடி நின்றது. விண்ணப்பம் வந்தது. மண்ணின் தன்மை, கரிசல். ஈ.ஓ. வந்து இறங்கினார், அளந்தார், போனார். சீனித்தாய் வீடு முடிந்ததும் மண் மூன்றாவது மனைக்குப் போனது. பிறகு நாலாவதுக்கு. மேற்பார்வை எல்லாம் அக்காதான். ஒரே மண்ணை ஈ.ஓ. மாதத்துக்கு ஒருமுறை அளந்தார். ஆறாவது குழியில் இறங்கியவர் ஒரு நத்தை ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை எங்கயோ பாத்திருக்கேனே?" என்றார்.

"போன மாசம் அஞ்சாவது வீட்டுல சார்" என்றேன் நான்.

ஒன்பதாவது வீடு முடிந்தபோது அவருக்கு மூட்டு வலி வந்துவிட்டது. குழியிலிருந்து அவரை இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. அடுத்த மன்றக் கூட்டத்தில் அவரே ஒரு தீர்மானப் பொருளை வைத்தார். ஐந்தடி விதி பாறை நிலத்துக்குப் பொருந்தாது. அவ்வளவுதான். ஒரு வரி. யாரும் எதிர்க்கவில்லை. பெருமாள்சாமியே கையெழுத்துப் போட்டார். நான் அடித்து முடித்துவிட்டு, நல்ல சேதியை முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று மூச்சு வாங்கப் பொத்தைக்கு ஓடினேன்.

பத்தாவது மனைக்கு மண் ஏறிக்கொண்டிருந்தது. வண்டி பாரத்தோடு சரிவில் நின்றது. கிறிஸ்துராஜ் அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அக்கா கேட்டாள். கும்மாளம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை வரி?"

"ஒரே வரிதான்க்கா."

"அடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு நிமிசம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

"ரெண்டு நிமிசம்" என்றாள். "நூத்து நாப்பது நடைட்டி. இவிய இடுப்பு இன்னும் நிமிரல. மாட்டுக் கழுத்துல தழும்ப பாரு. அந்த ஐப்பசி பூரா நான் ஒறங்கலையே. நீயும் அங்கனதான இருந்த? அந்த ரெண்டு நிமிசம் அன்னைக்கு ஒங்க ஒருத்தர் கையிலயும் இல்லாமப் போச்சா?"

வெட்கத்தில் முகம் எரிந்தது. தீர்மானத்தை மாற்றலாமே என்று நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயைத் திறந்து ஈ.ஓ.விடம் சொல்லியிருக்கலாம். பதினெட்டு மாதம் டைப் அடித்தேன், சிரித்தேன், டேப் பிடித்தேன். அதை மட்டும் செய்யவில்லை.

அக்கா புருஷனைப் பார்த்தாள். "வண்டியத் திருப்புங்க."

"எங்கட்டி?" என்றார் அண்ணன்.

"ஆபீசுக்கு."

அன்று மத்தியானம் பேரூராட்சி அலுவலக வாசலில் முதல் வண்டி கவிழ்ந்தது. பின்னாலேயே சீனித்தாய் கூடையோடு வந்தாள். ஒன்பது வீட்டுப் பெண்களும் வந்தார்கள், வீடு கட்டாத பதினைந்து பேரும் வந்தார்கள். மூன்று நாள் சுமந்தார்கள். வாசல் நிறைந்து, மேடு ஜன்னல் உயரத்துக்கு வந்தது. ஈ.ஓ. உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"தரை சார்" என்றாள் அக்கா. "ஒங்க தரைதான். எங்களுக்கு இனிமே வேண்டாம், நீங்களே வச்சுக்கிடுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆள் விட்டு அள்ளச் சொல்லுங்க."

"பேரூராட்சி இடத்துல கெடக்கிற மண்ணை அகற்ற மன்றத் தீர்மானம் வேணும் சார்" என்றேன். "இல்லன்னா ஆடிட்ல கேப்பாங்க."

அடுத்த கூட்டத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அதுவரைக்கும் தலைவர், ஈ.ஓ., கவுன்சிலர்கள், வரி கட்ட வந்தவர்கள், நான், எல்லாரும் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் அலுவலகத்துக்குள் போனோம். மண்ணை அகற்றும் தீர்மானத்தையும் நான்தான் டைப் அடித்தேன். அவசரப்படவில்லை.